பக்கத்து இருக்கையின் கை

பெங்களூரு வைட்ஃபீல்டில் எங்கள் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு காக்பிட் இருக்கிறது. விமானம் கிடையாது. இரண்டு இருக்கைகள், எதிரே திரைகள், தலைக்கு மேலே வரிசை வரிசையாகச் சுவிட்சுகள், அவ்வளவுதான். விமானம் ஓட்டும் ஸ்டிக்கைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை.

இப்போதைய விமானங்கள் பலவற்றில் பெரிய ஸ்டியரிங் இல்லை. வீடியோ கேமில் இருப்பது போல ஒரு சின்ன ஸ்டிக்தான். கேப்டனுக்கு இடது சுவரோரம் ஒன்று, துணை விமானிக்கு வலது சுவரோரம் ஒன்று. தோளோடு தோள் உட்கார்ந்திருந்தாலும் ஒருவர் கை என்ன செய்கிறது என்று மற்றவருக்குத் தெரியாது. ஒன்றை அசைத்தால் மற்றது சும்மா நிற்கும். நாங்கள் இரண்டையும் மோட்டாரால் இணைத்துக்கொண்டிருந்தோம். வலது பக்கம் நான் தள்ளினால், ஆளில்லாத இடது இருக்கையில் ஸ்டிக் தானாக முன்னால் சாயும். ஆரம்பத்தில் எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

சோதனைக்கு அனுபவப்பட்ட விமானிகளை அழைப்போம். அப்படி வந்தவர்களில் ஒருவர் மல்லேஸ்வரத்துக்காரர், ஓய்வு பெற்றவர். எங்கள் டீம் லீடரோடு கன்னடத்தில் பேசிக்கொண்டே வந்தவர், என் ஊர் ராணிப்பேட்டை என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறிவிட்டார்.

அவர் வலது பக்கம், நான் இடது பக்கம் உட்கார்ந்தோம். அவர் தள்ளும்போது நான் வேண்டுமென்றே எதிராக இழுக்க வேண்டும். அவர் எவ்வளவு அழுத்துகிறார் என்று கணினி பதிவு செய்யும். மற்ற விமானிகளெல்லாம் பதிலுக்கு அழுத்தினார்கள். இவரோ என் கை லேசாக எதிர்த்ததுமே விட்டுவிட்டார். விடக் கூடாது சார் என்று சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் விட்டார். ஒவ்வொரு தடவையும் அவருடைய விரல்கள் சூடு பட்டது போல விரிந்துகொண்டன.

டீம் லீடர் ஒரு மீட்டிங்குக்கு மேலே போன பிறகு அந்த விமானி தானாகவே சொன்னார்.

வெகு காலம் முன்பு அவர் துணை விமானியாக இருந்தபோது ஒரு நாள் கடும் மழையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஓட்டியவர் கேப்டன். ஓடுபாதையை நெருங்கும்போது விமானத்தின் மூக்கு அளவுக்கு மேல் உயர்வதாக இவருக்குத் தோன்றியது. வாயைத் திறந்து சொல்லாமல், மூக்கைத் தாழ்த்தத் தன் ஸ்டிக்கை முன்னால் தள்ளினார். கேப்டனோ மறுபடி மேலே எழும்புவதற்காக இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டு கைகளையும் கூட்டிக் கழித்துப் பார்த்த கணினி எதுவும் செய்யவில்லை. இரண்டு பேர் ஓட்டுகிறீர்கள் என்று எச்சரிக்கைக் குரல் வந்ததாம். மற்ற அலாரங்களின் நடுவே இரண்டு பேர் காதிலும் அது விழவில்லை. விமானம் தரையில் மோதி வழுக்கிப் புல்வெளியில் போய் நின்றது. பயணிகள் தப்பித்தார்கள். கேப்டனுக்கு முதுகெலும்பு முறிந்தது. அதன் பிறகு அவர் எழுந்து நடக்கவே இல்லை, சில வருஷங்களில் போய்விட்டார்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இடம் மாத்திக்கலாமாம்மா?” என்று கேட்டார். “நான் அவர் சீட்ல உக்கார்றேன்.”

மாறி உட்கார்ந்தோம். இணைப்பை நிறுத்திவிடச் சொன்னார். அது சோதனையில் இல்லாத ஒன்று, ஆனாலும் நிறுத்தினேன். அவர் இடது கையால் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டார்.

“இப்ப தள்ளுங்க. பலமா.”

தள்ளினேன். என் ஸ்டிக் முழுசாக முன்னால் போய்விட்டது. அவர் கையில் இருந்தது அசையவே இல்லை. அவர் அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“தள்றீங்களா?”

“தள்ளிட்டுத்தான் சார் இருக்கேன்.”

“எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா.” ஸ்டிக்கை விடாமலே, “விசாரணை ரிப்போர்ட்டை அவர் படிக்கவே இல்ல. கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரில என்கிட்ட அவர் ஒரே கேள்விதான் கேட்டார். நீ ஏன்டா சும்மா உக்காந்திருந்தேன்னு. நான் பதில் சொல்லல” என்றார்.

என் கையை எடுக்கலாமா வேண்டாமா என்று புரியாமல் அப்படியே வைத்திருந்தேன். டீம் லீடர் திரும்பி வந்ததும் விமானி எழுந்து, முதுகு வலிக்கிறது, இன்றைக்குப் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுபடி வரவில்லை. அவருடைய பதிவுகள் மற்றவர்களுடையதோடு ஒத்துப்போகவில்லை என்று கணக்கில் சேர்க்காமல் விட்டோம்.

அதற்குப் பிறகு என்னால் அங்கே தனியாக வேலை செய்ய முடியவில்லை. வலது பக்கம் நான் தள்ளுவேன். ஆளில்லாத இடத்தில் ஸ்டிக் சாயும். அந்தப் பக்கம் ஒருவர் என் கையை உணர்ந்துகொண்டிருக்கிறார் என்று தோன்றும். சட்டென்று விட்டுவிடுவேன். பட்டப்பகலில், மேலே கேன்டீனில் ஆட்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கழுத்து வியர்த்துவிடும்.

கடைசியில் டீம் லீடரிடம் கேட்டேன், அந்த சீட்டில் யாராவது உட்கார்ந்தால் நன்றாக இருக்கும் என்று. அவர் எதற்கு என்று கேட்கவில்லை. மறுநாள் தானே லேப்டாப்போடு வந்து இடது இருக்கையில் உட்கார்ந்து மெயில் பார்க்க ஆரம்பித்தார். அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் ஸ்டிக் முன்னும் பின்னும் போய்வந்தது. அவர் ஒரு தடவைகூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.