காற்றுச் சோதனைக் கூடத்தில் என் வீடு

நான் அன்றைக்கே சொன்னேன், என் பிளாட்டுக்கு எதிரே அந்த உயரக் கட்டடம் எழும்பினால் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துக் காற்றே திசைமாறும் என்று. யார் கேட்டீர்கள்?

இன்று கிள்ளான் ரயிலில் என் பக்கத்தில் ஒரு இன்ஜினியர் பெண். அவர் மடிக்கணினியில் ஏதோ காற்றுச் சோதனைக் கூடத்தின் வீடியோ; அதில் அதே கட்டடம், குட்டி மாதிரியாக! பெரிய விசிறி காற்றை ஊத, மாதிரி தானாகவே மெல்லச் சுழன்றது.

“யாரும்மா திருப்புறது?”

“கம்ப்யூட்டர்தான் அங்கிள். எல்லாத் திசைக் காத்தையும் அதுவே அளந்துடும்.”

“பக்கத்துல இந்தக் கட்டை?”

“அது பழைய பிளாட் அங்கிள்.”

“என் வீடு லா அது! பதினோராவது மாடி!”

அவர் சிரித்தார். “அவ்ளோ உயரத்துல தனியாவா இருக்கீங்க? காத்தடிச்சா பயமா இல்லையா?”

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைசிக் கேள்விகளை அவர் கேட்கவே இல்லை. சிரித்துவிட்டு சுபாங் ஸ்டேஷனில் இறங்கிவிட்டார்.

நீங்கள் யாராவது கேளுங்களேன். பதில் தயாராக வைத்திருக்கிறேன்.