வெள்ளிக்கிழமைத் தூசி

மனைவி மௌத்தாகி நாற்பதாம் நாள் ஓதி முடிந்த பிறகுதான் அவளுடைய அறையில் மறுபடி ஏசியைப் போட்டேன். கட்டிலின் வெள்ளை விரிப்பில் கறுப்பாகத் தூசி விழுந்தது.

அவள் இருக்கும்போதே விழுந்த தூசிதான். தென்மேற்கிலிருந்து மண்ணை அள்ளிவரும் சோளகக் காற்றை நான் ஏசுவேன். ஏசிக் குழாய் வரும் சுவர்த் துளையைச் சிமெந்து பூசி அடைத்தேன். யன்னலையும் பூட்டினேன். அப்படியும் விழுந்தது. "மன்னாரில மண் இல்லாம இருக்குமா?" என்று அவள் சிரிப்பாள்.

"வாப்பா, ஏசிக்குள்ள தூசி பிடிக்கிற வலையைக் கழட்டிக் கழுவுங்கோ. உம்மா இந்த அறையிலதானே சாம்பிராணி போடுறவ," என்றாள் மகள்.

உண்மைதான். வெள்ளிதோறும் நான் ஜும்மாவுக்குப் புறப்படுமுன், அறையைச் சாத்தி, ஏசி ஓடிக்கொண்டிருக்கவே அவள் சாம்பிராணி போடுவாள். கதவைத் திறந்தால் மணம் போய்விடுமாம். அந்தப் புகையின் பிசின் வலையில் படிந்து, அதில் மண் ஒட்டி, அடைத்துக்கொண்டு, கட்டி கட்டியாக உதிர்ந்திருக்கிறது. பாவம் சோளகம், இவ்வளவு காலமும் சும்மா ஏச்சு வாங்கியது.

மின்சாரத்தை நிறுத்தி, மூடியைத் திறந்து வலைகளை உருவினேன். இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன். வாளியிலிருந்து அவளுடைய வெள்ளிக்கிழமை மணம் எழும்பியது. என் கை நின்றுவிட்டது.

"அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டு இன்னொருக்காக் கழுவுங்கோ, வாப்பா."

ஊற்றினேன்.

வலைகளை நிழலில் காயவைத்து மாட்டினேன். காற்று சுத்தமாக வந்தது. அதில் எந்த மணமும் இல்லை.