ராத்தாவின் அறையில் தொங்கிய கோப்பை

யோகட் கோப்பை அளவுதான் இருக்கும். கறுப்புப் பிளாஸ்டிக், இறுக்கமான மூடி, மூடியில் ஊசி நுழையுமளவுக்கு மூன்று துளைகள். உள்ளே விரல் நகத்தளவில் ஒரு மெல்லிய தகடு. பக்கத்தில் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளில் பதினேழு என்று எழுதியது என் கைதான். நைலோன் நூலில் கட்டி, ராத்தாவின் அறைக் கூரை வளையில் தொங்கவிட்டதும் இதே கைதான்.

ராத்தா என் கூடப்பிறந்த மூத்தவள். சாய்ந்தமருதில் கடலுக்குக் கிட்டத்தான் அவளுக்கு உம்மா வீடு கட்டிக் கொடுத்திருந்தார். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் நடவாது. சுனாமி அந்த வீட்டை அத்திவாரத்தோடு அள்ளிக்கொண்டு போனது. ராத்தாவும் மச்சானும் கைக்குழந்தையும் தப்பியது அல்லாஹ்வின் காவல். கரையோரத்தில் திரும்பக் கட்டக் கூடாது என்றார்கள். கூடார வாழ்க்கை முடிந்து கடைசியில் கிடைத்தது, வயல்களையும் தாண்டி உள்ளுக்கு, ஒரு பாறையடிவாரத்தில் வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று. கொந்தராத்துக்காரன் பாறையை உடைக்கச் சோம்பல்பட்டு அதற்கு மேலேயே நிலத்தைப் பூசிவிட்டுப் போயிருந்தான். ராத்தாவின் அறை மூலையில் பாறையின் முதுகு ஒரு முழ உயரத்துக்கு வெளியே தெரிந்தது, அதைச் சுற்றிச் சீமெந்து வெடித்திருந்தது. "கதிரை வாங்கத் தேவல்ல, அவனே போட்டுத் தந்திட்டான்" என்று ராத்தா பகிடி பண்ணுவாள். அந்த வீட்டைத்தான் நாளைக்கு மகளுக்குக் கொடுப்பது என்று அவள் முடிவு செய்திருந்தாள். அவளிடம் வேறென்ன இருந்தது?

யுத்தம் முடிந்த வருடம் மச்சான் மாரடைப்பில் மௌத்தானார். கடலுக்கும் வெடிக்கும் தப்பிய மனிசன், சுபஹுத் தொழுகைக்கு கைகால் கழுவி ஒழு எடுக்கும்போது கிணற்றடியில் விழுந்தார். ராத்தா இத்தா இருந்தாள். கணவன் மௌத்தானால் எங்கள் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பார்கள், அந்நிய ஆண்கள் கண்ணில் படமாட்டார்கள். அந்த மூலை அறையில் அவளும் அவளுடைய ஒரே மகளும் இருந்தார்கள்.

பாதை திறந்ததும் எங்கள் பக்கத்துக்கு வராத ஆட்கள் இல்லை. மண் அளக்க வந்தார்கள், தண்ணீர் அளக்க வந்தார்கள், எங்கள் மனதைக்கூட அளக்க வந்தார்கள். அப்படி வந்த ஒரு குழுவுக்கு வழிகாட்டவும் பேச்சை மொழிபெயர்க்கவும் ஆள் தேவைப்பட்டது. நான் பாடசாலை ஆய்வுகூடத்தில் உதவியாளன், விஞ்ஞானம் என்றால் எனக்கு ஒரு மயக்கம். ஓடிப்போய் நின்றேன். அவர்கள் சொன்னது இதுதான். எங்கள் பாறைகளில் இயற்கையாகவே கொஞ்சம் யுரேனியம் இருக்கிறது. அது சிதையும்போது ரேடன் என்றொரு வாயு வருகிறது. நிறமில்லை, மணமில்லை. வெளியில் காற்றோடு கலந்து போய்விடும். பாறைக்கு மேல் கட்டிய வீட்டில் வெடிப்புகளால் ஏறி, மூடின அறையில் தங்கிவிடும். வருடக்கணக்காக அதைச் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரும் ஆபத்து கூடும். கோப்பையை மூன்று மாதம் தொங்கவிட்டால் உள்ளேயுள்ள தகட்டில் அதன் தடம் விழும். "நல்லா மூடின அறை ஒன்று கிடைத்தால் பெறுமதியாக இருக்கும்" என்றார் குழுத் தலைவர்.

என் வாய் சும்மா இருந்ததா? "சேர், என்ட ராத்தா இத்தா இருக்கா. அந்த அறைய விட மூடின அறை இந்த ஊரிலேயே இல்ல" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவர்கள் உள்ளே போகக் கூடாது, நான் தம்பி, போகலாம். ஆகவே கோப்பையை என்னிடம் தந்தார்கள், பெரிய பட்டம் தந்ததுபோல வாங்கிக்கொண்டேன்.

"இது என்னத்துக்கு தம்பி?" என்று ராத்தா கேட்டாள்.

"பாறையில இருந்து கெட்ட வாயு ஏதும் வருகுதா எண்டு பாக்க."

"வந்தாச் சொல்லுவாங்களா?"

"சொல்லாம? கட்டாயம் சொல்லுவாங்க."

அந்த அறைக்கு ஒரேயொரு யன்னல். அது பாறைப்பக்கம் பார்த்தது, அங்கால மனிதர் நடமாட்டமே இல்லை. இரண்டு கிழமை கழித்துப் போனபோது ராத்தா வியர்த்து வழிந்துகொண்டிருந்தாள். "மூச்சு முட்டுது தம்பி, புள்ளையும் படுத்துத் தூங்குதில்ல. இந்த யன்னலத் தொறக்கட்டா? அங்கால ஒரு ஆம்புளயும் வாறல்ல" என்றாள். பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டிருந்தாலும் திற மகளே என்றுதான் சொல்லியிருப்பார். நான்தான் விஞ்ஞானி! "தொறக்காத ராத்தா, அளவு பிழைச்சிரும்" என்று சொல்லி, யன்னல் காற்றுக்கு ஆடாமல் இருக்க அதில் இரண்டு ஆணியும் அடித்துவிட்டு வந்தேன்.

மூன்று மாதத்தில் கோப்பையைக் கழற்றிக் கொடுத்தேன். "மழைகாலத்துக்கு இன்னொரு தடவை வருவோம், அறையை அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள்" என்றார் தலைவர். மழை வந்தது, அவர்கள் வரவில்லை. இத்தா முடிந்தது. ராத்தா வெளியில் வந்தாள், வேலைக்குப் போனாள், ஆனால் இரவில் தாயும் மகளும் யன்னல் ஆணி கழற்றாத அந்த அறையில்தான் படுத்தார்கள். "முடிவு வந்திச்சா தம்பி?" என்பது அவள் என்னைக் காணும்போது கேட்கும் முதல் கேள்வி, ஸலாமுக்கு அடுத்தது. கடிதம் போட்டேன். ஆய்வு நடைபெறுகிறது என்றார்கள். திரும்பப் போட்டேன். தனிப்பட்ட வீடுகளின் தகவல் வெளியிடப்படமாட்டாது என்றார்கள். யாருடைய வீட்டுத் தகவல் யாருக்கு வெளியிடப்படமாட்டாது? ராத்தாவின் வீட்டைப் பற்றி ராத்தாவுக்கே சொல்லமாட்டார்களாம்!

இரண்டு வருடம் கழித்து ஒரு கருத்தரங்கு. கதிரை அடுக்கவும் தேநீர் கொடுக்கவும் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். திரையில் எங்கள் ஊர்ப் பாறையடிவாரத்தின் படம் விழுந்தது. வீடுகள் பச்சைப் புள்ளிகள், ஒன்று மட்டும் சிவப்பு. பக்கத்தில் பதினேழு. "இந்த அறையில் அளவு மிக அதிகம். ஆனால் ஒரு சமய வழக்கத்தால் மூடிக் கிடந்த அறை, சாதாரண நிலைமை அல்ல. ஆகவே இதைச் சராசரியில் சேர்க்கவில்லை" என்றார் தலைவர். தேநீர்த் தட்டை வைத்துவிட்டு முன்னால் போனேன். "சேர், மூடச் சொன்னது வழக்கமில்ல. நீங்க. அதுக்குள்ள ரெண்டு உசிர் இன்னும் கெடக்கு" என்றேன். மண்டபம் என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு கதைப்போம் என்றார் தலைவர்.

பிறகு விறாந்தையில் வைத்துக் கதைத்தார். நாலைந்து மாதத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாதாம், நீண்ட காலம் இருந்தால்தான் ஆபத்தாம். வெடிப்பை அடைத்து, யன்னலைத் திறந்து விட்டால் போதுமாம். "இதை ஏன் சேர் அப்பவே சொல்லல்ல?" என்றேன். "சனம் பயந்துவிடும்" என்றார்.

சனம் பயந்துவிடுமாம்! பனையளவு எழும்பின கடலைக் கண்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடின சனம். முப்பது வருடம் ஷெல்லுக்கும் சுற்றிவளைப்புக்கும் நடுவில் சோறு சமைத்துச் சாப்பிட்ட சனம். அது ஒரு யன்னலைத் திறக்கச் சொன்னால் பயந்துவிடுமா? பாறை பாவம், அதற்கு வாயில்லை. வாயிருந்த மனிதர்கள் ஒரு சொல்லைச் சொல்லாமல் இரண்டு வருடம் வைத்திருந்தார்களே, அதை எந்தக் கோப்பையால் அளப்பது?

பின்னேரமே ராத்தா வீட்டுக்குப் போனேன். அவள் மகள் பாறை முதுகில் குந்திப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தக் குழுக்காரரின் வாப்பா உம்மாவையும் விடாமல் ஏசினேன். ராத்தா யன்னலைப் பார்த்தாள்.

"அப்ப, யன்னலத் தொறந்தாப் போதுமா?"

"ஓம் ராத்தா. வெடிப்பையும் அடைக்கணும்."

அவள் குசினிக்குப் போய்ச் சுத்தியலை எடுத்து வந்தாள். உதவிக்கு நீட்டிய என் கையைத் தட்டிவிட்டு, இரண்டு ஆணியையும் தானே நெம்பிக் கழற்றினாள். யன்னல் துருப்பிடித்த சத்தத்தோடு திறந்தது. மகளின் கொப்பித் தாள்கள் காற்றில் படபடத்தன. நான் இன்னும் அவர்களை ஏசிக்கொண்டே நின்றேன்.

"அவங்கள ஏசாத தம்பி" என்றாள் ராத்தா. என்னைப் பார்க்காமல், வெளியிலேயே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவங்கள நான் கண்டதுமில்ல, கதைச்சதுமில்ல. தொறக்கட்டா எண்டு நான் கேட்டது உன்னட்டத்தான்."