சித்தியும் கூடப் பாடினாள்

விருந்தாளிகள் வந்ததும் மாடி வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். அங்கே மனநிலை சரியில்லாத மகள் ஒருத்தி இருக்கிறாள். நான் ஓய்வுபெற்ற மனநல ஆலோசகர். ஆனால் அப்படிச் சத்தம் கூட்டுவது எதற்கென்று எட்டு வயதிலேயே எனக்குத் தெரியும்.

எங்கள் ஊரான புதுக்கடை மலையாள ராஜ்யத்தில் இருந்த காலம். அக்காவைப் பெண் பார்க்கக் குழித்துறையிலிருந்து வந்தார்கள். பிரசவத்துக்குப் பின் சித்தம் கலங்கிய சித்தியை அம்மா நெல் அறையில் வைத்துப் பூட்டினாள்.

“ஏட்டி, அவ சத்தம் வெளிய கேக்கப்பிடாது. ஒரு ஞானப்பாட்டு பாடு, நல்லா சத்தமா.”

எனக்குத் தெரிந்த தேவாலயப் பாட்டெல்லாம் சித்தி சொல்லிக்கொடுத்தவை. அவித்த நெல் மணக்கும் அந்தக் கதவோரம் நின்று பாடினேன். உள்ளிருந்து சித்தியும் கூடவே பாடினாள். நான் இன்னும் உரக்கப் பாடி அவள் குரலை அமுக்கினேன். வந்தவர்கள் என்னைப் புகழ்ந்தார்கள். கல்யாணமும் நிச்சயமானது.

கதவைத் திறந்ததும், வேர்த்து நனைந்திருந்த சித்தி சிரித்தபடி என் கையைப் பிடித்தாள்.

“நான் தனியா கெடக்கேன்னுதானே மக்கா பாடின?”

“ஆமா சித்தி.”

பிறகு எத்தனையோ பேர் பேசப் பேச, நான் சம்பளம் வாங்கிக்கொண்டு பொறுமையாகக் கேட்டேன். அப்போதும் எல்லோரும் புகழ்ந்தார்கள்.

இப்போது ஜன்னலைத் திறந்து வைத்து, அந்த டிவி சத்தத்துக்கு அடியில் ஒரு குரல் கேட்கிறதா என்று நிற்கிறேன்.