ஒரு டம்ளருக்கு நாற்பத்தெட்டுச் சொட்டு

பெயின்ட் கடையில் அவரை எல்லோரும் 'சொட்டு' என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. யாராவது ஒரு திரைச்சீலைத் துண்டை நீட்டி "இதே கலர் வேணும்" என்றால், கம்ப்யூட்டர் ஒரு கணக்குச் சொல்லும். சொட்டு அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். தன் கையால் இரண்டு சொட்டுச் சாயம் சேர்த்து, வாளியைக் குலுக்கி, ஓர் அட்டையில் தடவி, அது காயும்வரை வாயே திறக்க மாட்டார். ஈர நிறம் பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. காய்ந்த அட்டையைத் துணிமேல் வைத்தால், அட்டை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

அவர் மனைவிக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை. வீங்கிய கன்னங்களுக்கு நாள் குறித்துக் கொடுப்பாள். ஒரு முகத்தைப் பார்த்தே, நாற்காலியில் உட்காருமா, வாசலோடு ஓடிவிடுமா என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளையும் இந்த மனிதர் கல்யாணமான இரண்டாவது வாரமே வாயடைக்க வைத்தார்.

அன்று சனிக்கிழமை சாயங்காலம். ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, ஐஸ் எல்லாம் கலந்து அவளிடம் ஒரு டம்ளரைக் கொடுத்தார். அவள் ஒரு வாய் குடித்தாள்.

"சக்கரத் தண்ணில எலுமிச்சம்பழம் வழுக்கி விழுந்த மாதிரி இருக்கு" என்றாள்.

அவருக்குக் கோபம் வரவில்லை. அலமாரியிலிருந்து கட்டைவிரல் உயரத்தில் ஒரு கறுப்பு பாட்டிலை எடுத்தார். மூடியிலேயே சொட்டுக் குழாய். ஒன்று, இரண்டு. அவ்வளவுதான். கலக்கி நீட்டினார்.

அவள் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். பிறகு டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளே யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்பதுபோலப் பார்த்தாள். அதே ரம், அதே எலுமிச்சை. ஆனால் இப்போது ரம் ரம்மாக இருந்தது, எலுமிச்சைக்குத் தோல் முளைத்திருந்தது, இனிப்பு தன் இடத்தில் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருந்தது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். மேல் சிலிர்த்துவிட்டது அவளுக்கு.

"அதெப்படி?" என்றாள்.

"வெள்ளை பெயின்ட்ல துளி நீலம் விட்டாத்தான் வெள்ளை வெள்ளையாத் தெரியும். நீலம் கண்ணுக்குத் தெரியாது. ஆனா விடலைன்னா தெரிஞ்சிடும். இதுவும் அதே சங்கதிதான். இதுக்கு பிட்டர்ஸ்னு பேரு. வெறும் கசப்பு."

கடையில் வாங்கியதல்ல, அவரே போட்டது. காய்ந்த ஆரஞ்சுத் தோலில் ஒன்று, காப்பிக் கொட்டையில் ஒன்று, கசப்பு வேரும் பட்டையும் கிராம்பும் ஏலக்காயும் சேர்ந்த 'கறுப்பு' ஒன்று. வீரியமான வோட்காவில் இரண்டு வாரம் ஊறும். தினமும் வேலைக்குக் கிளம்பும்முன் மூன்று ஜாடிகளையும் பெயின்ட் வாளிபோலக் குலுக்கிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். வடிகட்டியதும் நேராக நாக்கில் விட்டுப் பார்ப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. முதலில் ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்க்க வேண்டும். பிறகு வெறும் சோடாவில் ஒரு சொட்டு விட்டு, ஒரு வாய் குடித்து, பொறுத்திருக்க வேண்டும். "காயட்டும்" என்பார். சோடா எந்தக் காலத்தில் காய்ந்தது என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவரும் காயவிட்டுக்கொண்டே இருந்தார். விஸ்கிக்குக் கறுப்பு, ஜின்னுக்கு ஆரஞ்சு, ரம்முக்குக் கறுப்பும் அதன் தலைமேல் துளி ஆரஞ்சும், பால் சேர்ந்த எதற்கும் காப்பி. இதில் அவரோடு வாதாடி ஜெயித்தவர் இல்லை. வாரத்துக்கு ஆளுக்கு ஒரு டம்ளர், அதற்குமேல் கிடையாது. பதினேழு வருஷமாக அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த முதல் வாயில் ஒரு கணம் அசந்துதான் போனாள்.

அப்புறம் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்து நாளில் போனது, போகும்போது அவர் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அவர் சொல்லவில்லை. ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி, தீய்ந்து, வீடெல்லாம் நாறிக்கொண்டிருக்க, மனிதர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். முகம் பார்ப்பதுதானே அவள் தொழில். புரிந்துவிட்டது.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வாரம் இருக்கும். எதுலயும் ருசியே இல்லம்மா. பஞ்சு திங்கிற மாதிரி இருக்கு."

டாக்டர் பொறுத்திருக்கச் சொன்னார். மூன்று மாதம் பொறுத்தார்கள். காப்பி வெறும் சுடுதண்ணீரானது, ரொட்டி அட்டையானது. சட்டைக் காலருக்குள் அவர் கழுத்து தனியாக ஆடியது. ஜாடிகளைக் குலுக்குவது நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை அவள் வேலை முடிந்து வந்தபோது, அலமாரி காலியாக இருந்தது. பாட்டில்கள், சொட்டுக் குழாய்கள், அவர் அளவு எழுதி வைக்கும் நோட்டு எல்லாம் ஓர் அட்டைப் பெட்டிக்குள் போயிருந்தன.

"உன் தம்பி ஞாயித்துக்கிழமை வர்றான்ல, எடுத்துட்டுப் போகட்டும். குருடனுக்கு எதுக்குக் கலர் அட்டை?"

தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை: குடிப்பதென்றால் டம்ளர் நிறையவேண்டும் என்பதைத் தவிர வேறு கொள்கையே இல்லாத ஜீவன். ஆனால் அவளை அடித்தது அதுவல்ல. இந்த மனிதர் எதையும் காயும்வரை பொறுப்பவர். அவரே இனிக் காத்திருப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டார். அந்தப் பெட்டி வாசல் தாண்டினால் அவரில் பாதியும் அதோடு போய்விடும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவளுக்கு பயமாக இருந்தது.

சனிக்கிழமை அவர் குளிக்கப் போன நேரத்தில் பெட்டியைப் பிரித்தாள். ரம், எலுமிச்சை, பாகு மூன்றும் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். அளவுக் கிண்ணத்தில் அவர் போட்ட கோடு இருந்தது. பிட்டர்ஸ் மட்டும்தான் தெரியாது. நோட்டைத் திறந்தாள். ரம் என்று தலைப்பு. கீழே: கறுப்பு 36, ஆரஞ்சு 12. வேறு ஒன்றுமில்லை.

முதல் சனிக்கிழமை இரண்டே சொட்டு விட்டது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அது கல்யாணமான புதிது, போகப் போகக் கை தாராளமாகியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவர் கையெழுத்து பொய் சொல்லுமா? எண்ண ஆரம்பித்தாள். இருபதுக்கே விரல் வலித்தது. முப்பத்தாறில் டம்ளர் அடிப்பிடித்த டீ நிறத்துக்கு வந்திருந்தது. இருந்தாலும் ஆரஞ்சு பன்னிரண்டையும் விட்டு முடித்தாள்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். டம்ளரைப் பார்த்தார், திறந்த பெட்டியைப் பார்த்தார். அவளுக்காக ஒரு வாய் குடித்தார்.

முகம் அப்படியே கோணிப் போயிற்று. ஒரு கண் மூடிக்கொண்டது. தோள் இரண்டும் காதுவரை ஏறின. அவள் பதறி டம்ளரைப் பிடுங்கித் தானும் ஒரு வாய் குடித்து, அடுத்த நொடி தொட்டியில் துப்பினாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"எத்தனை சொட்டு விட்ட?"

"நாப்பத்தெட்டு. நீங்கதான் எழுதி வச்சிருக்கீங்க!"

"அடக் கடவுளே, அது ஜாடிக் கணக்கும்மா! பன்னெண்டு டம்ளருக்கு!"

கடைப் பழக்கம். பெயின்ட் கடையில் சாயத்தின் அளவை மட்டும்தான் எழுதுவார்கள். வெள்ளையை யாரும் எழுதுவதில்லை, அது எப்போதும் ஒரு முழு வாளி. விருந்தாளிகள் வரும் நாளில் அவர் பெரிய ஜாடி நிறையக் கலப்பார். அந்த ஜாடிதான் வீட்டு வாளி. ஒரு டம்ளருக்கென்றால் அவர் எந்த நாளும் நோட்டைப் பார்த்ததே கிடையாது.

அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவர் டம்ளரைத் திரும்ப வாங்கி இன்னொரு வாய் குடித்திருந்தார். மறுபடியும் அதே கோணல் முகம். ஆனால் கண்கள் திறந்திருந்தன, நிறைந்திருந்தன.

"கசக்குதும்மா" என்றார்.

அவளுக்கு உடனே விளங்கவில்லை.

"கசக்குது! நிஜமாவே கசக்குது! தெரியுது எனக்கு!"

ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள். மூன்று மாதம் பஞ்சு தின்ற நாக்குக்கு அந்த நாற்பத்தெட்டுச் சொட்டு என்னவாக இருந்ததோ, அவருக்குத்தான் தெரியும். போனது மூக்குதான், நாக்கு போகவில்லை, மெல்லிய ருசி மூக்கோடு போய்விடும், பலத்த கசப்பு நாக்கிலேயே நிற்கும் என்று அவள் ஆஸ்பத்திரிப் பல் டாக்டர் பிறகு விளக்கினார். அன்று அதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அந்த மகா கசப்பை அவர் கடைசிச் சொட்டுவரை குடித்ததையும், ஒவ்வொரு வாய்க்கும் "ஆமா, கசக்குது" என்று யாரோ ஊரிலிருந்து வந்துவிட்டதுபோலச் சொன்னதையும் அவள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தம்பி வந்தான். பாட்டில்கள் அலமாரிக்குத் திரும்பியிருந்தன. பெட்டி காலி. வாரத்துக்கு ஒரு டம்ளர் என்ற விதியை மீறி சொட்டு அன்றும் தனக்கென்று கலந்து மேசையில் வைத்திருந்த டம்ளரை ஏமாந்த முகத்தோடு எடுத்து ஒரு மடக்கு விட்டவன், "என்ன மச்சான் இது, மூட்டைப்பூச்சி மருந்தா?" என்று அலறினான்.

"அது என்னோடது. இங்க வை" என்றார் சொட்டு. நோட்டில் பழைய கணக்குக்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது: எனக்கு, ஒரு டம்ளருக்கு, 48.

பிறகு ஆரஞ்சு பாட்டிலை எடுத்து மனைவியின் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார். அவள் தேய்த்து, மோந்து, கண்ணை மூடிப் பொறுத்திருந்தாள். காயட்டும் என்று அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"முதல்ல தோல் வருது. நீங்க நகத்தால கீறுவீங்களே, அந்த வாசனை. அதுக்குப் பின்னாடி மரம் மாதிரி ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல, இருங்க, மழை வர்றதுக்கு முன்னாடி வருமே, அது."

பதினேழு வருஷம் அந்த பாட்டிலைப் போட்டவர் அவர். மழை இருந்தது அவருக்கே தெரியாது. அவள் கையைப் பிடித்துத் தன் முகத்தருகே கொண்டுவந்து வைத்துக்கொண்டார். அவருக்கு ஒரு வாசனையும் வரவில்லை. ஆனாலும் விடவில்லை.

"அதெப்படி?" என்றார்.