தண்டில் ஒரு காலி இடம்

நான் கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்தியவள். மறுநாள் பாடத்தைச் சமையலறையிலேயே, குழம்பு கொதிக்கக் கொதிக்க, சுவரைப் பார்த்து உரக்கச் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் அப்படித்தான் நியூட் என்கிற பிராணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பார்க்கப் பல்லி ஜாடை, ஆனால் தவளைக்குத்தான் உறவு. அதன் இதயத்தில் ஒரு துண்டை வெட்டினாலும் மிச்சமிருக்கும் தசைச் செல்கள் மறுபடி பிரிந்து பெருகி அந்த இடத்தை நிரப்பப் பார்க்கும்.

கூடத்தில் படுத்திருந்த என் கணவர் காதில் அது விழுந்துவிட்டது. மாரடைப்பு வந்து, பிழைத்து, வீடு திரும்பி அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை.

எங்கள் மயிலாப்பூர் தெருப் பெருமாளைப் புறப்பாட்டில் சுமப்பது தெரு ஆண்கள்தான். ஸ்ரீபாதம் தாங்குவது என்பார்கள். பல்லக்கின் வலது பக்கத் தண்டில் இரண்டாவது ஆள் இவர். கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தோளின் காய்ப்பைப் பார்த்திருக்கிறேன். இனிமேல் கனமே தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது மனுஷர் தலையாட்டியது வெறும் மரியாதைக்கு.

பிரம்மோற்சவம் வந்தது. பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

"எங்கே கிளம்பியாச்சு?"

"ஆறு மாசமாச்சு. இத்தனை நாள்ல வளர்ந்திருக்கும்."

"எது?"

"நீதானே சொல்லிண்டிருந்தே, இதயத்தை வெட்டினாலும் வளரும்னு!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது நியூட்டுக்கு! நமக்குத் தழும்புதான் வரும். தழும்பு துடிக்காது. பக்கத்துல இருக்கற தசைதான் அதோட வேலையையும் சேர்த்து இழுத்துண்டிருக்கு. அதுமேல பெருமாளையும் ஏத்தப் போறேளா?" கத்திவிட்டு அழுதேன். அவ்வளவு பயம் எனக்கு.

அவர் போகவில்லை. வாசலில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

நாகஸ்வரம் தெருமுனை திரும்பியது. வலது தண்டில் இரண்டாவது இடம் காலி. இவர் திரும்பி வருவார் என்று வேறு ஆளே போடாமல் வைத்திருக்கிறார்கள், பைத்தியக்காரர்கள். முன்னால் இருந்தவரும் பின்னால் இருந்தவரும் அந்தப் பாரத்தையும் வாங்கிக்கொண்டு நடந்தார்கள். பெருமாள் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் வந்தார். ஆனால் வந்தார்.

இவர் கைகூப்பினார். தண்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"பக்கத்துல இருக்கறவா எத்தனை நாள் தாங்குவா?"

வகுப்பில் யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கூப்பியிருந்த கையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டேன்.