மோதிரம் தொட்ட தகடு

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு புகைப்படம் இருக்கிறது. வெள்ளைப் பீங்கான் தகடு, அதன் நடுவில் வெள்ளி மோதிரம் போட்ட ஒரு விரல். நகைக்கடை விளம்பரமா என்று கேட்காதவர்கள் குறைவு. அதிவேகக் கேமரா ஒன்று, கண் இமைப்பதற்குள் எடுத்துத் தள்ளிய ஆயிரக்கணக்கான படங்களில் அது ஒன்று.

விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த பீங்கான் பட்டறைக்கு இயற்பியல் சார் ஒருவர் அந்தக் கேமராவோடு வந்திருந்தார். இரும்புக் குண்டு மோதினால் பீங்கானில் விரிசல் எப்படி ஓடுகிறது என்று படம் பிடிப்பது அவருடைய ஆராய்ச்சி. தகட்டைச் சட்டத்தில் வைத்துத் திருகுவது என் வேலை. பக்கத்தில் ஒரு மைக் இருக்கும். சத்தம் கேட்டதும் கேமரா தானே ஓடும். சூளையிலிருந்து வரும் தகடுகளை மோதிர விரலால் தட்டி, ஓசையை வைத்தே நல்லது கெட்டது சொல்பவர் மங்கலம்பேட்டை அக்கா. டீ டம்ளரைக்கூடத் தட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டார்.

முதல் நாள் ஒரு தகடு சட்டத்திலிருந்து நழுவியது. பயந்துபோய், அதன்பின் எல்லாத் தகடுகளையும் ஒரு சுற்று கூடுதலாக முடுக்கினேன். குண்டு லேசாகப் பட்டதுமே அவை தூள்தூளாயின. கிளம்பிய புழுதியில் படத்தில் ஒன்றும் தெரியவில்லை. தகட்டுக்குள்ளேயே விரிசல் இருந்திருக்கிறது என்றார் சார். அக்காவை நாளையிலிருந்து மண் பிசையும் பக்கம் போகச் சொன்னார் முதலாளி.

"தட்டிப் பாத்துதாங்க அனுப்புனேன். மணியாட்டம் பேசுச்சுங்க" என்றார் அக்கா. என் திருகின் மேல் எனக்கு அப்போதே சந்தேகம். வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல நின்றேன்.

மிஞ்சியது ஒரே தகடு. அதையும் அப்படியேதான் முடுக்கியிருந்தேன். விளக்குகள் எரிந்தன. குண்டு கிளம்புவதற்குள், சட்டத்தருகே நின்றிருந்த அக்கா பழக்க தோஷத்தில் கையை நீட்டித் தட்டிவிட்டார். கேமரா ஓடியது. தகடு இரண்டானது.

"யா அல்லா, நானே ஒடச்சிட்டேனே!"

சார் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, பதிவானதைத்தான் பார்ப்போமே என்று மெதுவாக ஓட்டினார். விரல் வருகிறது. மோதிரம் தொடுகிறது. தொட்ட இடத்தில் ஒன்றும் ஆகவில்லை. கீழ் மூலையில், என் திருகுக்கு அடியிலிருந்து, முடி போல ஒரு கோடு புறப்பட்டு ஏறியது.

"என் விரலு நடுவுல இருக்குது. விரிசலு மூலையிலேந்துல்ல வருது!" என்றார் அக்கா.

சார் திரும்ப ஓட்டினார். "தகட்டுல குறையில்லைம்மா. முடுக்குனதுதான் அதிகம்." அக்காவைப் பழைய மேசைக்கே போகச் சொன்னார் முதலாளி. போகும்போது அக்கா என்னருகே நின்றார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, தங்கச்சி."

கோபம் துளியும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது வேறு ஆய்வுக்கூடத்தில் இதே வேலை. ஒவ்வொரு முறை முடுக்கிய பிறகும் தகட்டைத் தட்டிக் கேட்கிறேன், கேமராவை இயக்குவதற்கு முன்னால்தான். படத்தைப் பார்க்கிறவர்கள் மோதிரத்தைப் பார்க்கிறார்கள். மூலையில் இருக்கும் கோடு கண்ணில் படுவதில்லை. படத்தில் நான் எங்கும் இல்லை. எனக்கு மட்டும் முதலில் என் கைதான் தெரிகிறது.